சுற்று முடியாத மாமனார்

சத்தியம் தம்பி, சத்தியம்! இந்தக் குண்டுமலை மேல் சத்தியம், என் இரண்டு கண் மேல் சத்தியம், கையில் இருக்கிற இந்த டீ மேல் சத்தியம். நான் சொல்லப் போவதில் ஒரே ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், அதோ தலைக்கு மேலே தொங்குகிறதே அந்தக் கல், இப்போதே உருண்டு என் மேல் விழட்டும்.

விழவில்லை, பார்த்தீர்களா? அப்படியென்றால் நிஜம். உட்காருங்கள்.

பையைக் கழற்றுங்கள் தம்பி. மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள், பாறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போகப் போகிறீர்கள், அவ்வளவுதானே? இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் உங்களைப் போலத் தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக யாராவது வந்துவிடுகிறார்கள். செல்போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். பாறை எந்தக் கைப்பக்கம் இருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. நீங்கள் எந்தப் பக்கமாகப் போவதாக இருந்தீர்கள்? பார்த்தீர்களா! நல்ல வேளை, என்னிடம் கேட்டீர்கள். கேட்கவில்லையா? சரி, நானாகச் சொன்னேன். பாறை எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும்.

குண்டுமலை என்று பெயர்தான் மலை. யானை யானையாகக் கிடக்கிற பாறைக் கூட்டம், அவ்வளவுதான். சுற்றி மூன்று ஊர். இது சிட்டுக்கல்பட்டி, என் ஊர். இங்கிருந்து நடந்தால் மாங்குடை. அப்புறம் நெட்டியேந்தல். அப்புறம் பிளந்தான் பாறை என்று ஒரு இடுக்கு. அதற்குள் நுழைந்து வெளியே வந்தால் மறுபடி இங்கே. விடிந்ததும் கிளம்பினால் பொழுது சாயுமுன் வந்துவிடலாம். வர மனமிருக்கிறவனுக்கு.

மூன்று ஊருக்கும் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கட்டிக் கொடுத்தால், தை மாதம் மாமனாரும் புது மாப்பிள்ளையும் சேர்ந்து இந்தப் பாறையைச் சுற்ற வேண்டும். மாப்பிள்ளைச் சுற்று என்று பெயர். நீங்கள் சாய்ந்திருக்கிறீர்களே, இந்த விளக்குக் கல்லைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். சாயங்காலம் பூசாரி இதே கல்லில் விளக்கேற்றுவதற்குள் வந்து தொட வேண்டும். நடுவில் வந்த வழியே திரும்பக் கூடாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது. வண்டி வாகனம் கூடாது. தொட்டுவிட்டால் கொட்டு அடிப்பார்கள். அன்றைக்கே பெண் புருஷனோடு கிளம்பிவிடுவாள். தொடவில்லையா, அடுத்த தை வரைக்கும் பெண் அப்பன் வீட்டில்தான்.

அடுத்த தை வரைக்கும், தம்பி. முழுதாக ஒரு வருஷம்.

எனக்கு ஒரே மகள், பஞ்சவர்ணம். அவள் நடை பழகும் முன்பே ஆத்தாக்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள். வளர்த்ததெல்லாம் நான்தான். சோறு ஊட்ட ஒரு கதை, தலை சீவ ஒரு கதை, தூங்க ஒரு கதை. என்னைப் பிரிந்து அவள் ஒரு பொழுது இருக்க மாட்டாள். அப்படி வாய்விட்டு அவள் சொன்னதில்லை. சில பேர் சொல்ல மாட்டார்கள், நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் நான்தான் பார்த்துப் பார்த்துக் கழித்தேன். ஒருவனுக்குக் காது பெரிது. ஒருவன் சிரிக்கும்போது கண்ணை மூடுகிறான். ஒருவன் நல்லவன்தான், ஆனால் அவன் வீட்டு நாய் சரியில்லை. எல்லாம் அவளுக்காகத்தானே?

கடைசியில் சிங்கம்புணரிக்குத் தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள், அவளாகவே ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள். தவமணி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். “இவரத்தான் கட்டிக்கப் போறேன்” என்றாள். நானும் பார்த்தேன். காது அளவாக இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டே சிரித்தான். நாய் வளர்க்கவில்லை. நான் என்ன செய்ய?

கல்யாணம் முடிந்தது. தை பிறந்தது. சுற்று வந்தது.

கிளம்பும்போதே எனக்கு ஒரே நினைப்பு. நான் வாயால் மறுக்கவே வேண்டாம். கொஞ்சம் மெதுவாக நடந்தால் போதும். மகள் வீட்டிலேயே இருந்துவிடுவாள். வழியில் கதை சொல்லிக்கொண்டு போவது மாமனாருடைய கடமை இல்லையா? முதலில் தவளைக் கல் வந்தது. நின்றுவிட்டேன்.

“மாப்ள, இந்தத் தவள எங்க தாத்தா காலத்துல அந்தா, அந்த வயல்ல இருந்துச்சு. ஒரு மழையில ஒரே தாவு. இங்க வந்து உக்காந்துக்கிச்சு. வயக்காரனுக்கும் கரட்டுக்காரனுக்கும் கேசாகி, ஜட்ஜே வந்து பாத்தாரு. அவரு முன்னாடியே கத்துச்சுல்ல!”

“சரி மாமா. நடந்துக்கிட்டே சொல்லுங்க.”

அதுதான் அவனிடம் கோளாறு. எது சொன்னாலும் ‘சரி மாமா’. சண்டை போட்டால் ஒரு நாழிகை போகும், சந்தேகம் கேட்டால் அரை நாழிகை போகும். ‘சரி மாமா’ என்பவனை வைத்துக்கொண்டு பொழுதை எப்படிப் போக்குவது? மாங்குடையில் கேப்பைக் கூழ் கொடுத்தார்கள். மென்று குடித்தேன் தம்பி. கூழை மென்று குடித்தவன் இந்தச் சீமையில் நான் ஒருத்தன்தான். அவன் பொறுமையாக நின்றான். என் செருப்பைத் தூசி தட்டிக் காலுக்கு நேராகப் போட்டுவிட்டு நின்றான்.

நெட்டியேந்தலில் மத்தியானச் சாப்பாடு. இரண்டு பந்தி உட்கார்ந்தேன். சாப்பிட்டதும் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்து, கண்ணை மூடி, குறட்டை விட்டேன். நல்ல குறட்டை, ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் எழுப்ப மாட்டார்கள், பெரிய மனுஷன் தூக்கம். பொழுது இறங்கியதும் ‘ஐயோ மாப்ள, அசந்துட்டேனே’ என்று எழுந்தால் முடிந்தது காரியம்.

கொஞ்ச நேரத்தில் மரம் நகர்ந்தது.

மரம் நகரவில்லை, நான் நகர்ந்துகொண்டிருந்தேன். அந்தப் பாவி என்னை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடக்கிறான்! வண்டி வாகனம்தானே கூடாது, மாப்பிள்ளை முதுகு கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. இறங்கலாம் என்றால் நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன். தூங்குகிறவன் எப்படி இறங்குவான்? கண்ணைத் திறக்க முடியாது, குறட்டையை நிறுத்த முடியாது. அவன் முதுகில் கிடந்து, அவன் நடைக்குத் தகுந்தபடி குறட்டை விட்டுக்கொண்டே போனேன். எதிரே ஆடு மேய்க்கிற பொம்பளை ஒருத்தி, “என்ன தம்பி, மாமனாருக்கு என்ன?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்லக்கா, கதை சொல்லிச் சொல்லி அசந்துட்டாக” என்றான். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கும் நான் குறட்டைதான் விட்டேன்.

பிளந்தான் பாறை வந்ததும் இறக்கிவிட்டான். அதற்குள் ஆளைத் தூக்கிக்கொண்டு நுழைய முடியாது. நீங்களும் பார்ப்பீர்கள், பெரிய பாறை ஒன்று நடுவில் பிளந்து, ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். இடது பக்கம் கண்மாய்த் தண்ணீர். வேறு வழி கிடையாது. மாமனார் முன்னால், மாப்பிள்ளை பின்னால், அது முறை.

நடு இடுக்கில் போனதும் மூச்சை ஒரு இழு இழுத்தேன் தம்பி. இரண்டு பந்திச் சோறு வேறு உள்ளே இருந்தது. பாறை என்னைக் கவ்விக்கொண்டது.

“மாமா, என்னாச்சு?”

“சிக்கிக்கிட்டேன் மாப்ள.”

“பின்னால இழுக்கவா?”

“பின்னால போனா சுத்து போச்சு.”

“முன்னால தள்ளவா?”

“தள்ளுனா எலும்பு போச்சு.”

“சரி மாமா.”

அவனால் முன்னால் வர முடியாது, நான் இருக்கிறேன். பின்னால் போக முடியாது, வழக்கம் இருக்கிறது. ஒரே இடுக்கில் மாமனாரும் மருமகனும், மூக்குக்கு நேரே கல். எனக்கு ஒரே சந்தோஷம். மூச்சுத்தான் கொஞ்சம் முட்டியது.

“இந்தப் பாறை இருக்கே மாப்ள, அது உசுருள்ள பாறை. சாயங்காலம் ஆனா மூச்சு வாங்கும். நெஞ்சு விரியும். இடுக்கு குறுகிரும். விடியத்தான் மூச்ச விடும்.”

“பஞ்சு சொல்லிருக்கு மாமா.”

“என்ன சொல்லிருக்கு?”

“எல்லாக் கதையும் போன்ல சொல்லிருக்கு. தவளக் கல்லு கதையில ஒண்ணு விட்டுட்டீங்க மாமா. ஜட்ஜ் வந்தப்ப அது கத்தல. அவரோட சோடாவக் குடிச்சுச்சு.”

தம்பி, அந்த இடத்தில் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? என் கதை, நான் அவளுக்குச் சோறு ஊட்டும்போது சொன்ன கதை, அதை முன்பின் தெரியாத ஒருத்தனுக்கு இவள் ஊட்டியிருக்கிறாள். சோடா உட்பட. மூச்சை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன்.

அப்போது எதிர்ப்பக்கம் வெளிச்சம் மறைந்தது. யாரோ இடுக்கின் வாயில் வந்து நின்றார்கள்.

“ஊரே விளக்குக் கல்லுல நிக்குது. இங்க மாமனும் மருமகனும் என்ன செய்றீக?”

பஞ்சவர்ணம்தான். ஊர்ப் பக்கமிருந்து தேடிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பனைக் காணோமே என்று பதறிப் போய் வந்திருக்கிறாள், பாவம்.

“பாறை புடிச்சுக்கிருச்சு தாயி.”

“பாறையா உங்களப் புடிச்சுருக்கு? நீங்கல்ல பாறையப் புடிச்சுருக்கீக. மூச்ச விடுங்கப்பா.”

“விட்டுக்கிட்டுத்தான இருக்கேன்.”

“கன்னத்த இப்படி உப்பிக்கிட்டா?”

சொல்லிக்கொண்டே கையை உள்ளே நுழைத்தாள். வலிக்கிற இடத்தைத் தடவிக் கொடுப்பாள் என்று பார்த்தேன். விலாவில் கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டாள்! பெற்ற அப்பனை, சுற்று நடக்கிற நாளில், கல்லுக்குள் வைத்து! அதே நேரம் பார்த்துப் பாறையும் மூச்சை விட்டது. அதனால்தான் நான் வெளியே வந்தேன். கிச்சுக்கிச்சு ஒரு காரணமே இல்லை. சோப்புக்கட்டி நழுவுவது போல நழுவி அவள் காலடியில் வந்து விழுந்தேன், சிரித்துக்கொண்டே. பின்னாலேயே அவனும் வந்தான், சட்டை கிழிந்து.

வெயில் பனைமரத் தலையில் நின்றது. கூப்பிடு தூரத்தில் இந்தக் கல். பூசாரி அடைக்கலம் திரியைத் திரித்துக்கொண்டிருந்தது அங்கிருந்தே தெரிந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

“கால் வரல தாயி.”

“ஏறுங்க மாமா” என்று அவன் மறுபடி குனிந்து முதுகைக் காட்டினான். நான் பக்கத்தில் இருந்த ஆலம்வேரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும்.

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தாள். வேரைப் பார்த்தாள். “விட்டுருங்க, இழுக்காதீக” என்று அவனிடம் சொன்னாள். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“ஒரு வருஷந்தான தாயி” என்றேன். “அடுத்த தையில பறந்துருவேன் பாரு.”

“எத்தன ஒரு வருஷம்ப்பா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என் வேட்டியில் ஒட்டியிருந்த பாறைத் தூசியைத் தட்டிவிட்டாள். எழுந்தாள். “பொண்ணு வீட்டு ஆளு ஒண்ணு வந்து தொடணும், அம்புட்டுத்தான? நானும் பொண்ணு வீட்டு ஆளுதான். வாங்க” என்று அவன் கையைப் பிடித்தாள்.

இரண்டு பேரும் நடந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது வழக்கம் தம்பி, அதனால்தான். இல்லாவிட்டால் பார்த்திருப்பாள்.

அடைக்கலம் கொஞ்சம் யோசித்தாராம். அப்புறம், “ஒரே வீட்டு ஆளுதானப்பா, வந்துருச்சுல்ல” என்று சொல்லி விளக்கை ஏற்றிவிட்டார். கொட்டுச் சத்தம் பாறைக்குப் பாறை மோதி என்னிடம் வந்தது. நான் வேரை விடவில்லை.

இந்தக் கல் பக்கம் வராமல் வயல் வழியாக வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். சோறு வடித்து மூடியிருந்தது. என் வேட்டி சட்டையெல்லாம் துவைத்து மடித்து அடுக்கியிருந்தது. விளக்குமாறு புதிதாக வாங்கிச் சார்த்தியிருந்தது. காலையில் நான் கிளம்பிய பிறகு எல்லாம் செய்திருக்கிறாள். எதற்காக அன்றைக்கு இத்தனை வேலை செய்தாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தவமணி போன் செய்தான். “மாமா, திருப்பூருக்கு வாங்க, விருந்து.”

“அதெப்படி மாப்ள வர்றது? சுத்து ஆரம்பிச்சவன் கல்லத் தொடாம எல்ல தாண்டக் கூடாதே.”

“யாரு சொன்னது மாமா?”

“பாறை.”

பாறைதான் தம்பி. இடுக்கில் காதும் கல்லும் ஒட்டி நின்றேனே, அப்போது சொன்னது. அடைக்கலம் கூட, “இப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதே இல்லையே” என்றார். கேள்விப்படாததெல்லாம் இல்லாததா? அடுத்த தைக்குள் மாங்குடையில் இதையே பேசினார்கள். அதற்கடுத்த தைக்குள் தன்னுடைய கொள்ளுத்தாத்தா சொன்னதாக அடைக்கலமே என்னிடம் சொன்னார். அப்புறம் நான் என்ன சொல்ல?

மூன்று தை ஆகிவிட்டது. பேத்தி பிறந்து நடக்கிறாள், பேசுகிறாள். நான் இந்த மூன்று ஊர் எல்லையைத் தாண்டவில்லை. சிங்கம்புணரிச் சந்தைக்குக் கூடப் போவதில்லை; போனால், சந்தைக்கு வந்தவன் திருப்பூருக்கு வர மாட்டானா என்று கேட்பார்கள். தவமணி வருகிறேன் என்கிறான், முதுகில் தூக்கிக்கொண்டு இன்னொரு தரம் சுற்றுகிறேன் என்கிறான். அவனுக்கு முதுகு வலிக்கும். வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எழுந்திருக்காதீர்கள் தம்பி, இதைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்தேன்.

போன தையில் நெட்டியேந்தல் சின்னக்கண்ணு மருமகனோடு சுற்றினான். தவளைக் கல்லில் வழுக்கிக் கால் முறிந்து, சுற்று பாதியில் நின்றுவிட்டது. மருமகன் மகுடபதிக்குச் சிங்கப்பூரில் வேலை. பழைய வழக்கப்படி பெண் இங்கே இருக்க, அவன் பாட்டுக்குப் போயிருக்கலாம். இப்போது விட மாட்டேன் என்கிறார்கள். கல்லைத் தொடாதவன் எல்லை தாண்டினால் மாமனார் கால் எலும்பு ஒட்டாது, போகிற விமானம் இறங்காது என்று அவர்களாக வேறு இரண்டு சேர்த்துவிட்டார்கள். அந்தப் பையன் மாமனார் வீட்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு போகிற பஸ்ஸையெல்லாம் பார்க்கிறான். நாளைக்கு விமானம். போகாவிட்டால் வேலை இல்லை.

நேற்று அவன் பெண்டாட்டி முத்தரசி என்னைத் தேடி வந்துவிட்டாள்.

“பெரியப்பா, இந்த மூணு ஊருல மூத்தவரு நீங்கதான். எல்ல தாண்டக் கூடாதுங்கிறது எங்க இருந்து வந்துச்சு? நீங்க ஒரு வார்த்த சொன்னா எங்க அப்பா கேப்பாரு.”

நான் இங்கே இருக்கிற ஒட்டகக் கல் எப்படி வந்தது என்று ஒரு கதை சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, “நான் அதக் கேக்கல பெரியப்பா” என்றாள்.

இருங்கள், போன்.

“தாயி... ஆமா தாயி, சாப்பிட்டேன்... இது மதுரைக்காரத் தம்பி ஒருத்தரு, ஊர்ச் சேதி கேட்டுக்கிட்டே இருக்காரு, விட மாட்டேங்கிறாரு... அதெப்படித் தாயி வர்றது, சுத்து முடியலையே... குடு, குடு... ஆங், சொல்றா... ஆமாடா... வருவேன்டா. பாறை விடணும்ல?... சரி. சரி, வையி.”

பேத்தி. ‘தாத்தா, பாறைக்குள்ள இருந்து எப்ப வெளிய வருவீங்க’ என்று கேட்கிறது. தாத்தா பாறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று இவள் சொல்லி வைத்திருக்கிறாள். பார்த்தீர்களா, என் வாய் அப்படியே என் மகளுக்கு! ஆனால் அவள் சொல்வது பொய், நான் சொல்வது நிஜம். அதுதான் வித்தியாசம்.

என்ன பார்க்கிறீர்கள்? போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதானே என்கிறீர்களா? போனால் என்ன இருக்கும்? வீடு கழுவித் துடைத்து இருக்கும். அவன் கண்ணைத் திறந்துகொண்டு சிரிப்பான். அவள் நன்றாகத்தான் இருப்பாள். அது எனக்குத் தெரியாதா? தெரிந்ததை எதற்குப் போய்ப் பார்க்க?

சரி, பையை மாட்டுங்கள். மத்தியானத்துக்கு நெட்டியேந்தல் போய்விடுவீர்கள். சுவரில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிற வீடு, விசாரிக்கவே வேண்டாம். சின்னக்கண்ணு கட்டுப் போட்ட காலோடு வாசலில் கிடப்பான். தண்ணீர் கேளுங்கள். குடித்துவிட்டு, பாறை விட்டுவிட்டது என்று சொல்லுங்கள். எல்லை தாண்டலாமாம், நாளைக்கே தாண்டலாமாம். அந்தப் பையனுக்கு மட்டும் என்று சொல்லுங்கள், தம்பி, அதை மறந்துவிடாதீர்கள். எல்லாருக்கும் என்று சொல்லித் தொலைத்தால் அப்புறம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் நான் என்னத்தைச் சொல்வேன்?

யார் சொன்னது என்று கேட்பார்கள். முத்தரசி கட்டாயம் கேட்பாள், கெட்டிக்காரி. தெரியாது என்று சொல்லுங்கள். வழியில் ஆடு சொன்னது என்று சொல்லுங்கள், என்னமும் சொல்லுங்கள். சிட்டுக்கல்பட்டியில் சேவுகன் என்று ஒரு கிழவன் இருக்கிறானே, பார்த்தீர்களா என்று கேட்டால், அப்படி ஒருவனை நீங்கள் பார்க்கவே இல்லை.